பின்படிக்கட்டைப் பற்றி ஓர் உதாரண வாக்கியம்

பனியன் கம்பெனியில் சேர்ந்த மூன்றாவது வருடம், எச்.ஆர். மேடம் என்னை அழைத்து ஒரு கறுப்பு மார்க்கரைக் கையில் கொடுத்தார். பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் புதிதாக மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார்.

"தெனமும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதோணும் கண்ணு. வார்த்தை, அதுக்கு அர்த்தம், ஒரு எக்சாம்பிள் சென்டன்ஸ். மூணே வரிதான்."

"மேடம், எனக்கு இங்கிலீஷ் வராதுங்களே."

"உன்ற கையெழுத்து நல்லாருக்குது. செக்கிங் ரிப்போர்ட்டுல பாத்தேன். வேற ஆரு இருக்கறாங்க சொல்லு?"

தொழிலாளர்களுக்கு ஏதாவது கற்றுக்கொடுக்கிறீர்களா என்று, எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு 'பையர்' கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தார்களாம். பலகையைப் போட்டோ எடுத்து மாதம் ஒரு முறை அனுப்ப வேண்டுமாம். நான் தலையை ஆட்டிவிட்டு என் மேஜைக்கு வந்தேன். டீ சர்ட்டை விரித்துப் பிடித்துத் தையலைப் பார்க்கிறேன், கண்ணில் ஒன்றுமே படவில்லை. முந்நூறு பேருக்கு மேல் தினமும் கடந்துபோகிற இடம் அது. அதில் என் கையால் இங்கிலீஷ்.

நானும் அம்மாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பா இறந்த மறு வருடம், நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, சித்தி ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்ற ஒரே தைரியத்தில் ரயில் ஏறினோம். அம்மா அதே கம்பெனியில் இரண்டாவது மாடியில் பேக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிரை வெட்டுவது அவள் வேலை. நான் முதல் மாடியில் செக்கிங். பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தேன். இங்கிலீஷ் பரீட்சைக்கு முந்தைய தினம் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஒரு தடவை அல்ல, எல்லாத் தடவையும்.

மேடம் தன் காலேஜ் காலத்து அகராதியைத் தந்தார். தலையணை கனம். திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் ஓர் எழுத்துக்கூடத் தமிழ் இல்லை. சொல்லும் இங்கிலீஷ், அர்த்தமும் இங்கிலீஷ். ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்த்தால் அந்த அர்த்தத்துக்குள் தெரியாத சொல் இரண்டு இருக்கும். அதில் ஒன்றைத் தேடிப் போனால் அங்கே இன்னும் மூன்று. கிணற்றுக்குள் இறங்க இறங்கப் படி முடியாமல் போவது போல் இருக்கும். கடைசியில் கை கொடுப்பது அடியில் சாய்ந்த எழுத்தில் இருக்கும் உதாரண வாக்கியம்தான். அதில் ஒரு மனுஷன் இருப்பான், ஏதாவது செய்துகொண்டிருப்பான். அவன் என்ன செய்கிறான் என்று பிடிபட்டுவிட்டால் சொல்லும் பிடிபடும்.

முதல் சொல்லாக 'ஸ்லிப்' எழுதினேன். வழுக்கி விழுவது. உதாரணத்தை அகராதியிலிருந்து அப்படியே இறக்கினேன்: அவள் ஐஸில் வழுக்கி விழுந்தாள். டெய்லர்கள் கூடி நின்று பார்த்தார்கள். "எந்த ஐஸுங்க, குச்சி ஐஸா, கப் ஐஸா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

என் மேஜைக்கு எதிரே ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். என்னை 'தீதீ', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். எங்களுக்குள் பொதுவாக ஒரு பாஷை கிடையாது, கைஜாடையும் சிரிப்பும்தான். அவள் பலகையைக் காட்டி, பிறகு தரையைக் காட்டினாள். அங்கே ஆயில் சிந்தியிருந்தது. காலை வழுக்குவது போல் இழுத்துக் காட்டினாள். எனக்குப் புரிந்தது. ஐஸை அழித்துவிட்டு ஆயில் என்று எழுதினேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாக வாசித்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து வாக்கியங்களை நானே அமைக்க ஆரம்பித்தேன். வெள்ளை டீ சர்ட்டில் கறை இருக்கிறது. டெய்லர் ஊசியை மாற்றுகிறார். இரண்டாவது தையல் லைன் இன்று சீக்கிரம் முடித்தது. வீட்டில் சாப்பிடும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். காலையில் எல்லோரும் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய் எழுதிவிட்டு, யாரோ எழுதியது போல் விலகி வந்துவிடுவேன். பயம் மட்டும் குறையவே இல்லை. ஒரு நாள் டீ இடைவேளையில் போய்ப் பார்த்தால், என் வாக்கியத்தில் ஒரு சொல்லின் கடைசியில் சிவப்பு மையில் 'எஸ்' சேர்த்திருந்தது. ஆபீஸில் படித்தவர்கள் யாரோ திருத்தியிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. அன்று முழுக்க ஆபீஸ் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பவே எனக்குக் கூச்சம்.

இப்படி நாலு மாதம் போனது. அப்புறம்தான் அந்தச் சொல் வந்தது. 'அப்ஸ்ட்ரக்ட்.'

என் மேஜையில் அகராதியைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. அர்த்தம் சுலபமாகப் புரிந்தது. வழியை மறிப்பது, ஆளோ வண்டியோ போக முடியாமல் அடைத்துக்கொண்டிருப்பது. கீழே உதாரணம்: விழுந்த மரம் ஒன்று சாலையை மறித்துக் கிடக்கிறது. எங்கள் சாலையில் விழுவதற்கு மரம் ஏது? வேறு என்ன எழுதலாம் என்று தலையைத் தூக்கினேன். எதிரே பின்படிக்கட்டு.

எங்கள் கட்டடத்தில் முன்பக்கம் ஒரு படிக்கட்டு, பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்துக் கதவின் மேல் பச்சை விளக்கில், ஓடுகிற மனிதனின் படம் இருக்கும். தீப்பிடித்தால் அந்த வழியாக இறங்க வேண்டும். ஆனால் ஷிப்மெண்ட் நெருங்கினால் பேக்கிங்கில் இடம் போதாது. கட்டி முடித்த அட்டைப் பெட்டிகளைப் பின்படிக்கட்டில் படிக்குப் படி அடுக்கிவிடுவார்கள். இரண்டாவது மாடியிலிருந்து முதல் மாடி வரை, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையக்கூட இடம் இருக்காது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டத்தோடு முன்படிக்கட்டில் அவளால் வேகமாக இறங்க முடியாது. சாப்பாட்டு நேரத்திலேயே கடைசி ஆளாகத்தான் வருவாள். அந்தப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வரும். சொன்னதில்லை. யாரிடம் சொல்வது?

மறுநாள் காலையில் எழுதினேன். 'தி பாக்சஸ் அப்ஸ்ட்ரக்ட் தி பேக் ஸ்டேர்ஸ்.' பெட்டிகள் பின்படிக்கட்டை மறிக்கின்றன.

வேண்டுமென்றேதான் எழுதினாயா என்று பின்னால் பலர் கேட்டார்கள். அப்போது கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. யாராவது வாசித்தால் நல்லது என்று மனதின் ஒரு மூலையில் இருந்திருக்கும். அதே சமயம் யாரும் வாசித்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டுப் போனார். அவர் வார்த்தையை மட்டும்தான் பார்ப்பார். ஒடிசாப் பெண் வாசித்துவிட்டு, பெட்டிகள் இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். மத்தியானமே போய் அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அழித்தால் ஏன் அழித்தாய் என்று கேட்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் எட்டு மணிக்கு நான் பலகைப் பக்கம் போவதற்குள் கம்பெனியே தலைகீழாக இருந்தது. கம்பெனியைச் சோதித்துப் பார்க்க ஆடிட்டுக்கு ஆள் வந்துகொண்டிருக்கிறார்களாம். இந்த இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒரு நாள் வருவோம் என்று பையர் சொல்லியிருந்தார்கள், அந்த நாள் இதுதான். பத்துப் பேர் பின்படிக்கட்டிலிருந்து பெட்டிகளை இறக்கி லாரியில் ஏற்றினார்கள். மேடம் ஒரு மூட்டை மாஸ்க்கை என்னிடம் தந்து, "ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு குடுத்து, மாட்டிட்டாங்களான்னு பாரு, ஓடு" என்றார். நான் மாடி மாடியாக ஓடினேன். ஒன்பதரை மணிக்குப் படிக்கட்டு கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

ஆடிட்டுக்கு வந்தவர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். காட்டன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. டீ இடைவேளையில் முதல் மாடியைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். அந்த நேரத்தில் ஒடிசாப் பெண் டீ டம்ளரோடு பலகை முன் நின்று, வழக்கம்போல் உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். "தி... பாக்சஸ்... அப்ஸ்ட்ரக்ட்..." நான் நாலு அடி தள்ளி நின்றிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆடிட்டுக்கு வந்த பெண் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை ஒரு முறை படித்தார். திரும்பிப் பின்படிக்கட்டு இருக்கும் பக்கம் பார்த்தார். போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தார். பிறகு மேடத்திடம் ஏதோ கேட்டார். மேடத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, அப்புறம் போய்விட்டது.

கால் மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மீட்டிங் ரூம் வாசலில் மேடம் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொஸ்தகத்துல இருந்து எடுத்து எழுதினேன்னு சொல்லீரு கண்ணு. அவ்வளவுதான். வேறெதும் பேசாதே."

உள்ளே அந்தப் பெண் மட்டும் இருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். தன் போனைக் கவிழ்த்து வைத்தார். மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று, சொல் சொல்லாக இங்கிலீஷில் பேசினார். உங்கள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன், எழுதவும் மாட்டேன் என்றார். பெயர் எதற்கு, அந்தக் கையெழுத்து யாருடையது என்று முந்நூறு பேருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதைச் சொல்ல இங்கிலீஷ் இல்லை.

"இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது?" என்றார்.

"டிக்ஷனரி, மேடம்."

அவர் குனிந்து பக்கத்து நாற்காலியிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். எங்கள் அகராதி. காலையில் பலகையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும்போது மேடமே எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆடிட்டுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். சொல்லின் கீழே விரலை வைத்தார். விழுந்த மரம். சாலை.

"இங்கே மரம்தானே இருக்கிறது? பெட்டிகள் எங்கே?"

நான் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவை நினைத்தேன். இரண்டு பேர் சம்பளமும் ஒரே இடத்தில். வேலை போனால் எனக்கு மட்டும் போகாது. வெளியே கண்ணாடி வழியாக மேடத்தின் புடவை தெரிந்தது.

எதிரே இருந்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இஸ் இட் ஒன்லி அன் எக்சாம்பிள்? ஆர் இஸ் இட் ட்ரூ?"

உதாரணம் மட்டும்தானா, உண்மையா? எனக்குத் தெரியாத சொல் அதில் ஒன்றுகூட இல்லை. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

"யெஸ்டர்டே, ட்ரூ மேடம்," என்றேன். என் குரலே எனக்கு வேறு யாரோ பேசுவது போல் கேட்டது. "டுடே, நாட் ட்ரூ."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். ஷிப்மெண்ட் சமயத்தில் எப்போதுமே இப்படியா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். நன்றி சொல்லி அனுப்பினார். எழுந்தபோது நாற்காலி விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல்கள் மடங்கியபடியே இருந்தன, நீட்ட வரவில்லை.

வெளியே மேடம், "என்ன சொன்னே?" என்றார்.

"நெசத்தச் சொல்லிட்டேனுங்க மேடம்."

அவர் போய்ப் பலகையைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார்.

சாயங்காலம் ஊத்துக்குளி ரோட்டு லைன் வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா என்னோடு பேசவில்லை. விஷயம் இரண்டாவது மாடிக்கு எப்போதோ ஏறிவிட்டது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஆரம்பித்தாள்.

"ஏட்டி, எட்டு வருசமா வாயத் தொறக்காமப் பொழச்சிட்டு இருக்கோம். நீ போயி போர்டுல எழுதிப் போட்டிருக்க."

"பொய்யாம்மா எழுதுனேன்?"

"நெசத்த எழுதச் சொன்னாவளா உன்ன? அர்த்தத்தத்தான எழுதச் சொன்னாவ!"

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள். "ரெண்டு பேத்தையும் ஒண்ணாப் போகச் சொல்லிட்டாம்னா எங்கன போயி நிக்க? இந்த ரோட்டுல ஒரு கம்பெனில வேணாம்னு சொன்னா, மத்த கம்பெனிக்காரனுக்கும் தெரிஞ்சிரும்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் கோபப்பட்டுத்தான் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். பயந்து பார்த்தது அன்றுதான்.

அதன் பிறகு ஒன்பது நாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சூப்பர்வைசர் என்னைச் செக்கிங் மேஜையிலிருந்து எடுத்து, பின்னால் சுவரோரம் ஆல்டர் பீஸ் பிரிக்கும் இடத்தில் போட்டார். தையல் கோளாறாகித் திரும்பி வந்த துணிகளைப் பிரித்து வைக்கும் வேலை. ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்காரும் அக்கா ஒருத்தி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். பலகை வெறுமையாகக் கிடந்தது. காலையில் ஒடிசாப் பெண் அதன் முன் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "தீதீ, ஆஜ் கா வேர்ட்?" என்பாள், இன்றைய சொல் எங்கே என்று. நான் கையை விரிப்பேன்.

பத்தாம் நாள் மத்தியானம் முதலாளி கூப்பிடுவதாக ஆள் வந்தது.

அவர் குன்னத்தூர் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம். பேச்சில் மரியாதை ஒருபோதும் குறையாது. வேலையை விட்டு நிறுத்துகிறவர்களைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லித்தான் நிறுத்துவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் உள்ளே நுழைந்ததும் அவர், "வாங்க கண்ணு, உக்காருங்க" என்றபோது நிறுத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. மேடம் அன்று லீவு.

மேஜையில் நாலைந்து தாள்கள் இருந்தன. ஆடிட் ரிப்போர்ட். அவர் ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். ஒரு வரியில் பேனாவை வைத்தார்.

"இதுல போர்டு போர்டுன்னு வருதுங்க. நீங்க எழுதற போர்டுதானுங்களே? அதுக்கு முன்னால இருக்கற இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

நிர்வாகம் என்ற சொல் தெரிந்தது. பலகை தெரிந்தது. நடுவில் அவர் பேனா நின்ற சொல் தெரியவில்லை. 'கமெண்டட்.' அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"தெரியலீங்க சார்."

"தெரியலீங்களா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஊருக்கெல்லாம் அர்த்தம் எழுதறீங்க. போயி பொஸ்தகத்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அவர் உண்மையாகவே தெரியாமல் கேட்டாரா, என்னைச் சோதித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறந்துவிடுமோ என்று அந்தச் சொல்லை, கடைசி 'ஈ, டி'யை விட்டுவிட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். ஆள் இல்லாத அறை. அகராதியைத் திறந்தேன். அவசரத்தில் மெல்லிய தாள்கள் நாலைந்தாகப் புரண்டன. சி, ஓ என்று ஆரம்பிக்கும் சொற்கள் பக்கம் பக்கமாக ஓடின. நடுவில் விரல் நின்றது.

அர்த்தத்தைப் படித்தேன். ஒரு செயல் மிகவும் தவறானது என்று வெளிப்படையாகச் சொல்வது. தண்டனை விதிப்பது. கீழே உதாரணம்: நீதிபதி அவனுக்கு ஆயுள் சிறை விதித்தார்.

அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிர்வாகம், தண்டனை, பலகை. கம்பெனிக்கே தண்டனை, என் பலகையால். ஆர்டர் போனால் முந்நூறு குடும்பம். என் மனது வேகமாக எங்கெங்கோ போனது. அப்படியே மாடி ஏறி, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் போய்விடலாமா? ஊருக்கு எந்த ரயில்? போய் எங்கே இறங்குவது?

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வேர்வையில் மை கரைகிறதே என்று உள்ளங்கையைப் பார்த்தேன். சி, ஓ, எம், எம், ஈ, என், டி. அகராதியைப் பார்த்தேன். சி, ஓ, என், டி, ஈ, எம், என். இரண்டும் ஏழெழுத்து. மறுபடி பார்த்தேன். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். மூன்றாவது எழுத்து வேறு. இது அந்தச் சொல் அல்ல.

பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளினேன். அங்கே இருந்தது. அர்த்தத்தில் ஒரு சொல் மட்டும் எனக்கு ஏற்கெனவே தெரியும், 'ப்ரெய்ஸ்.' எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே ஜெபக்கூடத்துச் சுவரில் நீல எழுத்தில் பெரிதாக இருக்கும் சொல். ஒருவரைப் பலர் அறியப் புகழ்வது. உதாரணத்தில் தீயணைப்பு வீரர்கள் யாரையோ காப்பாற்றியதற்காகப் பாராட்டுப் பெற்றார்கள். அதை நம்பாமல் இரண்டு முறை படித்தேன். முந்தைய சொல்லுக்கு மறுபடி போய், எழுத்து வேறுதானா என்று பார்த்துவிட்டு வந்தேன். பிறகு புத்தகத்தையே தூக்கிக்கொண்டு போனேன்.

"பாராட்டறதுங்க சார்."

"நெசமாலுமா?"

புத்தகத்தை மேஜையில் விரித்து விரலை வைத்துக் காட்டினேன். அவரும் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். எங்கள் நிர்வாகம் தொழிலாளர்களுக்குச் சொல் பலகை வைத்திருப்பதைப் பாராட்டி ஆடிட்டுக்கு வந்த பெண் ஒரு பத்தி எழுதியிருந்தார். அடுத்த தாளில் பின்படிக்கட்டு. இரண்டு வாரத்துக்குள் மஞ்சள் கோடு போட்டு, எப்போதும் காலியாக வைத்திருந்து, போட்டோ அனுப்ப வேண்டும். ஆர்டர் போகவில்லை.

அவர் தாள்களை அடுக்கிக் கிளிப் மாட்டினார்.

"இனி அங்க பொட்டி வெக்க மாட்டாங்க. நான் சொல்லீட்டேன். போர்டையும் எடுக்க முடியாதுங்க, பாராட்டிப் போட்டாங்க. நீங்களே எழுதுங்க. ஆனா எழுதறதுக்கு முன்னால மேடத்துகிட்டக் காட்டிப்போட்டு எழுதுங்க." கொஞ்சம் நிறுத்தினார். குரல் மாறவே இல்லை. "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா, உங்கம்மாவையும் சேத்துத்தானுங்க யோசிக்கோணும். வருத்தப்படாதீங்க. போயிட்டு வாங்க கண்ணு."

மறுநாள் செக்கிங் மேஜைக்குத் திரும்பினேன். மேடம் என் வாக்கியங்களை முதலில் ஒரு நோட்டில் எழுதி வாங்கி, கையெழுத்துப் போட்ட பிறகே பலகைக்கு விட்டார். "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது கண்ணு, கோவிச்சுக்காதே" என்றார் ஒரு தடவை. வானம் நீலமாக இருக்கிறது. யானை பெரியது. இப்படிப் பல வாரம். அதிலும் நிம்மதி இல்லை. 'லூக்வார்ம்' என்ற சொல்லுக்கு டீ வெதுவெதுப்பாக இருக்கிறது என்று எழுதினேன். மேடம் கையெழுத்தும் போட்டிருந்தார். கேன்டீன்காரர் நேரே என் மேஜைக்கு வந்து, "என்னோட டீக்கு என்னங்க குத்தம்?" என்று சண்டைக்கு நின்றார். பாத்ரூம் குழாய் ரிப்பேர், ஃபேன் ஓடவில்லை என்று பெண்கள் காதில் வந்து கிசுகிசுத்து, "போர்டுல போடுக்கா" என்பார்கள். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்ப்பேன். நான் அப்படி எதையும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்தான். மேடத்திடம் வாயால் சொல்லியிருக்கிறேன், அதுவும் இரண்டு முறைதான்.

நாலு மாதம் கழித்து அடுத்த பெரிய ஷிப்மெண்ட் வந்தது. ஒரு மத்தியானம் அம்மாவுக்குத் தைலம் கொடுக்க இரண்டாவது மாடிக்குப் போனேன். பின்படிக்கட்டுக் கதவு திறந்திருந்தது. மஞ்சள் கோட்டின் மேல் இரண்டு பெட்டி. இரண்டு இருந்தால் சாயங்காலம் இருபது ஆகும். மேடத்திடம் போகவா? சூப்பர்வைசரிடமா? முதலாளி சொன்ன கடைசி வாக்கியம் காதில் அப்படியே கேட்டது. பார்க்காதது போல் திரும்பிவிடலாம் என்று ஒரு கால் பின்னால் வைத்தேன்.

படிக்கட்டுப் பக்கம் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், படியில் கீழே, மூன்றாவது பெட்டி ஒன்று இருந்திருக்கிறது. அம்மா அதன் கயிற்றைப் பிடித்து, ஒரு கையால் முழங்காலை அழுத்திக்கொண்டு, படிப்படியாக மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனம் செய்தவள் போல் ஒரு கணம் திகைத்தாள். பிறகு என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"என்னம்மா செய்யற?"

"என்னத்தப் பாத்துட்டு நிக்க?" என்றாள் மூச்சிரைக்க, சத்தம் வெளியே கேட்காமல். "யாராவது வாறதுக்குள்ள அந்தப் பக்கத்தப் பிடி."

நான் தைலத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தேன். இருவருமாக மூன்றையும் பேக்கிங்குக்குள் இழுத்து, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம்.